நல்ல கடைன்னா எது? போர்டுல இருக்குற பத்து வகையா, பெஞ்சுல இருக்குற நாலு பேரா?

(ஒலிப்பதிவின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரு இங்கிலாந்துக் கேள்வியைக் கையில எடுத்துக்கிட்டு ஏற்காடு மலை ஏறப் போறோம். கேள்வி இதுதான்: ஒரு பப் நல்ல பப்பா இருக்கணும்னா, அங்க எத்தனை வகை ரியல் ஏல் கிடைக்குதுங்கறதுதான் எல்லாத்தையும் விட முக்கியமா?

அங்க இது சாதாரணக் கேள்வி இல்ல. "எட்டு வகை வச்சிருக்கான், அதான் நல்ல பப்"னு ஒரு கட்சி. "எட்டு வகை இருந்து என்ன, உக்காந்தா பேச ஆள் இல்லையே"ன்னு இன்னொரு கட்சி. பல வருஷமா ஓடுற சண்டை.

இதுக்கு எதுக்கு ஏற்காடுன்னு நீங்க கேக்கலாம். அங்க இங்கிலாந்து மாதிரி பப் கலாச்சாரமே கிடையாது. ஏற்காடு சேலம் மாவட்டம். 1937 அக்டோபர் 1-ம் தேதி, ராஜாஜி முதல்வரா இருந்தப்போ, சென்னை மாகாணத்துல முதன்முதலா மதுவிலக்கு வந்த மாவட்டமே சேலம்தான். ஆனா நான் போறது பீருக்காக இல்ல, காபிக்காக. அந்த மலையில காபி விளையுது, காபி விக்குது, காபிக்கடை வாசல்ல ஊர்க்கதை நடக்குது. ஒரு இங்கிலாந்துக் கிராமத்துக்கு பப் செய்யுற வேலையை நம்ம ஊர்ல டீக்கடையும் காபிக்கடையும்தான் செய்யுது. அதனால அந்தக் கேள்வியை இங்க வச்சுக் கேட்டா பதில் இன்னும் தெளிவாத் தெரியும்னு எனக்குத் தோணுது.

முதல்ல, ரியல் ஏல்னா என்ன?

சுருக்கமா சொன்னா, உயிரோட இருக்குற பீர். சாதாரண பாட்டில் பீரை வடிகட்டி, சூடுபடுத்தி, ஈஸ்ட்டைக் கொன்னு, அப்புறம் கேஸ் ஏத்தி அடைக்கிறாங்க. மாசக்கணக்குல அப்படியே கிடக்கும், ருசி பெருசா மாறாது. ரியல் ஏல் அப்படி இல்ல. பீப்பாய்க்குள்ள போன பிறகும் ஈஸ்ட் உயிரோட இருக்கும், நொதிச்சுக்கிட்டே இருக்கும். அதை பப்போட நிலவறையில 11-லிருந்து 13 டிகிரி குளிர்ல வச்சு, கைப் பம்புல இழுத்து ஊத்துவாங்க. வெளியிலிருந்து கேஸ் எதுவும் ஏத்தறது கிடையாது.

1960கள்ல பெரிய கம்பெனிகள் சின்ன மதுவாலைகளை வரிசையா வாங்கிப் போட்டு, எல்லா ஊர்லயும் ஒரே மாதிரி கேஸ் பீரைத் தள்ள ஆரம்பிச்சாங்க. அதை எதிர்த்து 1971-ல நாலு பேர் சேர்ந்து ஆரம்பிச்ச இயக்கம்தான் காம்ரா. பின்னாடி அது லட்சத்துக்கும் மேல உறுப்பினர்கள் இருக்குற நுகர்வோர் அமைப்பா வளர்ந்துச்சு. ஒரு தற்செயல் பாருங்க. அதே 1971-லதான் தமிழ்நாட்டுல மதுவிலக்கைத் தளர்த்தினாங்க. அங்க உயிருள்ள பானத்தைக் காப்பாத்த ஒரு இயக்கம். இங்க கதை வேற பக்கம் போச்சு.

ஏன்னா, உயிருள்ள பானம்னு ஒண்ணு நமக்கும் இருந்துச்சு. கள்ளு. பாளையைச் சீவிக் கட்டுன கலயத்துல விழுற சாறு, காத்துல இருக்குற ஈஸ்ட்டாலேயே தானா நொதிக்கும். கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவினா நொதிக்காது, அது பதநீர். தடவலைன்னா கள்ளு. காலையில இனிப்பு, சாயங்காலம் காரம், மறுநாள் புளிப்பு, அதுக்கு மேல போனா காடி. அந்தக் கள்ளுக்கு 1987-லிருந்து தமிழ்நாட்டுல தடை. ஆலையில அடைச்ச பாட்டிலுக்குத் தடை இல்ல. அதை 2003 நவம்பர் கடைசியிலிருந்து அரசு நிறுவனமான டாஸ்மாக்கே சில்லறையில விக்குது. அது சரியா தப்பான்னு இன்னைக்கு நான் பேச வரல. நமக்கு வேண்டியது ஒரு சின்ன விஷயம்தான். கேரளாவுல கள்ளுக்கடை இன்னும் இருக்கு. அங்க போற ஆள் "எத்தனை வகை இருக்கு"ன்னு கேக்க மாட்டான். தென்னையா பனையான்னு கேப்பான், அவ்வளவுதான். அதுக்கு அடுத்த கேள்வி "எப்ப இறக்குனது?"

இந்த "எப்ப"ங்கற கேள்விதான் இன்னைக்கு எபிசோடோட முதல் சாவி.

ஒரு சின்னக் கணக்கு

ரியல் ஏல் வர்ற வழக்கமான பீப்பாய்க்கு ஃபர்கின்னு பேரு. 9 கேலன், அதாவது 72 பைன்ட். ஒரு பைன்ட் 568 மில்லி. பீப்பாயைத் திறந்துட்டா காத்து உள்ள போயிடும். மூணு நாளைக்குள்ள காலி பண்ணினா நல்லது, அதுக்கு மேல போனா சப்புன்னு ஆகி, புளிக்க ஆரம்பிக்கும்.

இப்ப ஒரு பப் பத்து வகை வைக்குதுன்னு வைங்க. பத்து பீப்பாய், 720 பைன்ட். மூணு நாள்ல தீரணும்னா ஒரு நாளைக்கு 240 பைன்ட் போகணும். லண்டன் நடுவுல இருக்குற கடையில போகும். ஒரு கிராமத்து பப்புல செவ்வாய்க்கிழமை ராத்திரி முப்பது பேர் வந்தாலே பெருசு. ஆளுக்கு ரெண்டுன்னா 60 பைன்ட். அந்தக் கடை பத்து வகை வச்சா, பாதி வகை புளிச்ச வகையாத்தான் இருக்கும். அதுவே ரெண்டு வகை வச்சா ரெண்டும் அருமையா இருக்கும்.

ஆக, வகைங்கறது கடைக்காரர் நினைச்சா வர்ற விஷயம் இல்ல. கூட்டம் இருந்தாத்தான் வகை தாங்கும். கூட்டம் இல்லாத கடையில நீளமான பட்டியல்ங்கறது ஒரு எச்சரிக்கைப் பலகைன்னே நான் சொல்வேன்.

இப்ப மலை ஏறலாம்

சேலத்துலேருந்து ஏற்காட்டுக்கு 30 கிலோமீட்டர் சொச்சம், 20 கொண்டை ஊசி வளைவு. மேல போனா உயரம் சுமார் 1,500 மீட்டர். 1820கள்ல சேலம் கலெக்டரா இருந்த எம். டி. காக்பர்ன்தான் இந்த மலைக்குக் காபிச் செடியைக் கொண்டுவந்தவர். இருநூறு வருஷக் கதை. இங்க விளையறது பெரும்பாலும் அரபிகா. சில்வர் ஓக் நிழல், அந்த மரத்துலயே மிளகுக்கொடி, நடுவுல ஆரஞ்சு, பலா. மாசி, பங்குனி, சித்திரையில ஒரு மழை விழுந்தா தோட்டமே வெள்ளையா பூத்து மல்லிகை மாதிரி மணக்கும். பழம் பறிக்கிறது நவம்பர்லேருந்து பிப்ரவரி வரைக்கும் போகும். காபி வாரியம் தனிப் பேர் கொடுத்து வச்சிருக்குற இந்திய வட்டாரக் காபிகள்ல சேர்வராய் அரபிகாவும் ஒண்ணு.

இந்த ஊர்ல, சனி ஞாயிறுல சென்னை, பெங்களூர், கோவையிலேருந்து வர்ற நம்ம ஆளுங்க, போன்ல தேடறது எதை? "பெஸ்ட் காபி, நிறைய ஆப்ஷன்ஸ்." இந்த எஸ்டேட், அந்த எஸ்டேட், ஹனி பிராசஸ், நேச்சுரல், பீபெரி, கோல்ட் புரூன்னு போர்டு நீளமா இருந்தா நல்ல கடைன்னு முடிவு பண்ணிடறோம்.

பப் கணக்கையே இங்க போடுவோம். வறுத்த காபிக்கொட்டை கள்ளு மாதிரி ஒரே நாள்ல கெடாது. ஆனா வறுத்த நாள்லேருந்தே அதோட வாசனை கொஞ்சம் கொஞ்சமா வெளியேறிட்டே இருக்கும். அரைச்சுட்டா இன்னும் வேகமா போகும். ஒரு கப்புக்குத் தோராயமா 10 கிராம் தூள்னு வைங்க. ஒரு கிலோ தூள்ல 100 கப். அஞ்சு வகையை ஒவ்வொரு கிலோ திறந்து வச்ச கடையில மொத்தம் 500 கப் இருக்கு. மே மாசம் கோடை விழா நடக்குறப்போ அது ஒண்ணு ரெண்டு நாள்ல பறந்துடும். மழை பெய்யுற ஆகஸ்ட் புதன்கிழமைகள்ல ஒரு நாளைக்கு 25 கப்தான் போகுதுன்னா? இருபது நாள். இருபதாவது நாள் குடிக்கிறவருக்குப் போர்டுல பேர் இருக்கும், கப்புல வாசனை இருக்காது.

பக்கத்துலயே ஒரு சாதாரணக் கடை. ஒரே தூள். பீபெரி பாதி, பிளான்டேஷன் ஏ பாதி, கொஞ்சம் சிக்கரி. அதே 25 கப் போனாலும் ஒரு கிலோ நாலு நாள்ல தீந்துடும். காலையில இறக்கின டிக்காஷன் தீரத் தீரப் புதுசு இறக்குவாங்க. பால் அப்பப்பக் காய்ச்சுவாங்க. இந்தக் கடை ஜெயிக்கிறது மாயம் இல்ல, வெறும் கணக்கு.

ஒரே தூள், ஓயாத பேச்சு

"சரி, புதுசா இருக்கணும், ஒத்துக்கறேன். ஆனா நல்ல கொட்டைன்னு ஒண்ணு வேணுமே"ன்னு சிலர் சொல்வீங்க. வேணும். ஆனா அதுதான் முதல்ல வேணுமான்னு பாக்க ஒரு பழைய கதை இருக்கு.

1940கள்லேருந்து 1990கள் வரைக்கும், இந்தியாவுல காபி விவசாயி தன்னோட காபியைத் தன் இஷ்டத்துக்கு வித்துட முடியாது. காபி வாரியத்தோட பொதுத் தொகுப்புல கொண்டுபோய்க் கொடுக்கணும். வாரியம் தரம் பிரிச்சு, ஏலம் விட்டு, புள்ளிக் கணக்குப்படி பணம் கொடுக்கும். 1992-லேருந்து படிப்படியா தளர்த்தி, 1996 வாக்குலதான் முழுசா விட்டாங்க. அந்தக் காலம் முழுக்க, இது ஏற்காட்டுக் காபி, இது இந்த எஸ்டேட் காபின்னு குடிக்கிறவருக்குப் பெரும்பாலும் தெரியவே தெரியாது. இன்னைக்கு நாம போர்டுல பாக்குற மாதிரி வகைன்னு ஒண்ணும் இல்ல.

ஆனா அதே காலத்துலதான் இந்தியாவோட மிகப் பெரிய "பப்"புகள் நடந்துச்சு. இந்தியன் காபி ஹவுஸ். காபி வாரியம் நடத்திட்டு இருந்த கடைகளை 1950கள் நடுவுல மூட ஆரம்பிச்சப்போ, வேலை போன தொழிலாளர்கள் ஏ. கே. கோபாலன் துணையோட கூட்டுறவுச் சங்கங்கள் அமைச்சு, 1957-லேருந்து தாங்களே நடத்த ஆரம்பிச்சாங்க. கொல்கத்தா காலேஜ் தெருவுல இருக்குறதை நினைச்சுப் பாருங்க. கவிஞர்கள், மாணவர்கள், சினிமாக்காரங்க, கட்சிக்காரங்க எல்லாரும் மணிக்கணக்கா உக்காந்து பேசின இடம். அங்க யாரும் "இன்னைக்கு என்ன ஒரிஜின்?"னு கேட்டதில்ல. ஒரு கப் வாங்கினா எவ்வளவு நேரம் உக்காந்தாலும் எழுப்பி விட மாட்டாங்க. அதுதான் அந்தக் கடையோட ஸ்பெஷல் மெனு.

இங்கிலாந்துலயும் இதைச் சொன்னவர் ஒருத்தர் இருக்கார். ஜார்ஜ் ஆர்வெல். 1946 பிப்ரவரியில லண்டன் ஈவினிங் ஸ்டாண்டர்ட் பத்திரிகையில, தனக்குப் பிடிச்ச ஒரு பப்பைப் பத்தி ஒரு கட்டுரை எழுதினார். கடைசியிலதான், அப்படி ஒரு பப்பே கிடையாது, அது தன்னோட கனவுன்னு சொல்வார். அந்தப் பப்பை ஏன் பிடிக்கும்னு கேட்டா பீரைத்தான் முதல்ல சொல்லணும்னு தோணும், ஆனா என்னை இழுக்கிறது அங்க இருக்குற சூழல்தான்கிறது அவரோட கட்சி. வேலை செய்யறவங்களுக்கு வர்றவங்க பேர் தெரியணும், பேசற அளவுக்கு அமைதி இருக்கணும், பின்னாடி ஒரு தோட்டம் இருக்கணும். கவனிங்க, அவர் பீரை விட்டுடல. நல்ல ஸ்டவுட்டும் அவர் பட்டியல்ல இருக்கு. வரிசையிலதான் பின்னாடி.

சூழல்னா யாருக்கு?

இதோட எபிசோடை முடிச்சா "ஆம்பியன்ஸ்தாம்பா முக்கியம்"னு ஆயிடும். அந்த வார்த்தையை நான் நம்பறதில்ல. மஞ்சள் லைட்டும் மூங்கில் நாற்காலியும் போட்டா ஆம்பியன்ஸ்னு சொல்லிடறாங்க. ஆர்வெல் அந்தத் தோட்டத்தை ஏன் கேட்டார் தெரியுமா? குழந்தைகளை பப்புக்குள்ள விடமாட்டாங்க, அதனால பொண்ணுங்களும் வர முடியல, அதனாலதான் குடும்பமா கூட வேண்டிய இடம் வெறும் குடிக்கிற கடையா ஆயிடுச்சுன்னு அவருக்கு வருத்தம். தோட்டம் இருந்தா எல்லாரும் வரலாம். அவர் கேட்டது அழகு இல்ல, இடம்.

அங்கேயும் அது சுலபமா கிடைக்கல. லண்டன் ஃப்ளீட் தெருவுல பத்திரிகைக்காரங்க கூடுற எல் வினோங்கற ஒயின் பார்ல, பொண்ணுங்க கவுன்ட்டர்ல நின்னு வாங்கிக் குடிக்க முடியாது. பின்னாடி போய் உக்காரணும். 1982-லதான் நீதிமன்றம் அது சட்டவிரோதம்னு தீர்ப்பு சொல்லுச்சு. அந்தக் கவுன்ட்டர்ல எத்தனை வகை ஒயின் இருந்திருந்தா என்ன? நிக்கவே விடாதவங்களுக்கு அந்தப் பட்டியல் பூஜ்யம்தான்.

நம்ம ஊருக்கு வாங்க. இங்க காபியே ஒரு காலத்துல கதவு சாத்தின பானம். ஓட்டல் வாசல்ல "பிராமணாள்"னு போர்டு. 1957-ல திருவல்லிக்கேணி முரளி கபே முன்னாடி பெரியார் நடத்தின போராட்டம் அந்த ஒரு வார்த்தைக்காகத்தான். கிராமத்து டீக்கடைகள்ல இரட்டைக் குவளை. உள்ள ஒருத்தருக்கு எவர்சில்வர் டம்ளர், வெளிய நிக்கிறவருக்குத் தனிக் குவளை, அதை அவரே கழுவி வைக்கணும். அந்தச் செய்தி இன்னும் முழுசா நின்னபாடில்ல. அந்தக் கடையில டிக்காஷன் எவ்வளவு திக்கா இருந்தாலும், அதை நல்ல கடைன்னு நம்மால சொல்ல முடியுமா?

அதான் ரெண்டாவது சாவி. முதல் சாவி "எப்ப இறக்குனது?" ரெண்டாவது "யாரெல்லாம் உக்காந்திருக்காங்க?"

ஏற்காட்டுக்கு இது இப்போ நேரடியாப் பொருந்துற கேள்வி. சேர்வராயன் மலையில தலைச்சோலை மாதிரி எத்தனையோ ஊர்கள் இருக்கு. அங்க தலைமுறை தலைமுறையா வாழறவங்க மலையாளிப் பழங்குடி மக்கள். பேரைக் கேட்டுக் குழம்பாதீங்க, மலையை ஆளுறவங்கன்னு அர்த்தம், தமிழ்தான் பேசறாங்க. காபி பறிக்கிற கைகள்ல அவங்க கைகளும் உண்டு, சொந்தமா கொஞ்சம் காபி, மிளகு வச்சிருக்குறவங்களும் உண்டு. ஏரிக்குப் பக்கத்துல ஒண்டிக்கடைன்னு ஒரு சந்திப்பு இருக்கு. ஒத்தைக் கடைன்னு அர்த்தம். ஒரு கடைதான் அந்த இடத்துக்கே பேர். ஒரு கடை ஊரோட அடையாளமா ஆகறது இப்படித்தான், எல்லாரும் அங்க நின்னதால.

இப்ப ஒரு கப் 250 ரூபாய்னு ஒரு கடை வருதுன்னு வைங்க. அந்தக் கொட்டையைப் பறிச்சவங்க அந்த நாற்காலியில உக்கார மாட்டாங்க. விலை அதிகம்கறது தப்புன்னு நான் சொல்லல, நல்ல காபிக்கு நல்ல விலை நியாயம்தான். ஆனா ஊர்ல இருக்குற எல்லாக் கடையும் வார இறுதி ஆளுங்களுக்கான கடையா மாறிட்டா, புதன்கிழமை அந்த ஊருக்கு உக்கார இடம் இருக்காது. அப்புறம் புதன்கிழமைக் கூட்டமும் இருக்காது. கூட்டம் இல்லன்னா தூள் பழசாகும். பாத்தீங்களா, ரெண்டு சாவியும் ஒரே பூட்டுக்குத்தான்.

அப்போ வகையே வேண்டாமா?

வேணும். இதுல காம்ராக்காரங்க பக்கமும் நியாயம் இருக்கு. இங்கிலாந்துல நிறைய பப் மதுவாலைகளுக்கே சொந்தம். முதலாளி கம்பெனி என்ன அனுப்புதோ அதைத்தான் விக்கணும். சின்ன ஆலைக்காரர் எவ்வளவு நல்லா செஞ்சாலும் உள்ள நுழைய முடியாது. அதனாலதான் 1989-ல அரசு ஒரு ஆணை போட்டு, பெரிய கம்பெனி பப்புகள்ல வெளியார் ஏல் ஒண்ணாவது வைக்க வழி பண்ணுச்சு. அங்க வகைங்கறது ருசி விவகாரம் மட்டும் இல்ல, சின்ன உற்பத்தியாளருக்கு வாசல்.

காபியிலயும் அப்படித்தான். பொதுத் தொகுப்புல பேர் தொலைஞ்ச சேர்வராய்க் காபி, இன்னைக்குத் தன் பேர்லயே கப்புக்கு வர முடியுது. பேர் இருந்தா விலை கேக்கலாம், நல்லாப் பறிச்சதுக்கும் நல்லாக் காயவச்சதுக்கும் கூலி கேக்கலாம். அதனால என்னைக் கேட்டா, பத்து வகை வேண்டாம், ஒரு வகை போதும். ஆனா அது எங்கேருந்து வந்ததுன்னு கடைக்காரருக்குத் தெரிஞ்சிருக்கணும். ஏற்காட்டுல உக்காந்து எத்தியோப்பியக் காபி குடிக்கிறதுல தப்பில்ல. ஜன்னலுக்கு வெளிய நிக்கிற செடியோட காபி அந்தக் கடையில இல்லன்னாதான் இடிக்குது.

கடைசியா ஒரு வரிசை

அடுத்த தடவை மலையேறினா, நான் கடையை எப்படிப் பாப்பேன்னு சொல்லிடறேன். முதல்ல உக்காந்திருக்குறவங்களைப் பாப்பேன். ஊர்க்காரங்க இருக்காங்களா, பொண்ணுங்க தனியா வந்து நிம்மதியா உக்காந்திருக்காங்களா, மண்ணு காலோட வந்தவருக்கும் அதே டம்ளர் வருதா. அடுத்து, "டிக்காஷன் எப்ப இறக்குனீங்கண்ணா?"ன்னு கேப்பேன். அவர் மணியைச் சொன்னா சரியான கடை. "அதெல்லாம் நல்லாருக்கும்"னு சொன்னா டீ வாங்கிப்பேன். மூணாவதாத்தான் போர்டு.

இங்கிலாந்துக் கேள்விக்கும் இதே பதில்தான். ரியல் ஏல் வகை முக்கியம், ஆனா முதல் முக்கியம் இல்ல. நல்லா நடக்குற பப்புக்கு அது கிடைக்கிற பரிசு. வகையை மட்டும் வாங்கி வச்சு ஒரு நல்ல பப்பை உண்டாக்க முடியாது.

உங்க ஊர்ல எந்தக் கடை அப்படின்னு எங்களுக்கு எழுதுங்க. கடை பேர் இல்லாட்டியும் பரவால்ல, அங்க வழக்கமா யாரெல்லாம் உக்காந்திருப்பாங்கன்னு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பாப்போம்.